மரத்தடி நேர்காணல்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு இடையே இருக்கும் புல்தரையையும் ஓரத்து மரங்களையும் நின்று பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பிழைப்பு. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறிய நிலவனப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். "நல்ல ஆளை எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?" என்று தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் வேகமான ஆளைத்தான் தேடினேன். அப்படி ஒரு பையன் கிடைத்தான். மெஷினைத் தோளில் மாட்டினால் மூன்று பேர் வெட்டும் புல்லை ஒருவனாக வெட்டி முடிப்பான். எல்லார் முன்னாலும் பாராட்டினேன், சம்பளமும் கூட்டினேன். ஆறேழு மாதம் கழித்து, நாங்கள் நட்டு வளர்த்த இளமரங்கள் ஒரு வரிசையாக வாடத் தொடங்கின. தண்ணீர் போதவில்லையோ, பூச்சியோ என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பட்டை சுற்றிலும் உரிந்து கிடந்தது.

புல் வெட்டும் மெஷினில் சுழல்வது நைலான் கயிறுதான். ஆனால் இளமரத்தின் மெல்லிய பட்டைக்கு அதுவே கத்தி. இலை சமைத்த உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி கிடக்கும். மரம் அன்றைக்கே சாகாது. சில மாதம் பச்சையாக நின்றுவிட்டுச் சாகும். அதனால் யார் செய்தது என்றும் தெரியாது. அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. எதைப் பாராட்டினேனோ அதைத்தான் அவன் செய்தான்.

அதற்குப் பிறகு நான் ஆளை மேசைக்கு முன்னால் உட்காரவைத்துப் பேசுவதில்லை. மரத்தடிக்கு அழைத்துப் போகிறேன். மெஷினைக் கொடுத்து, மரத்தைச் சுற்றிப் புல்லை எடுக்கச் சொல்கிறேன். அடிமரத்துக்கு ஒரு முழம் முன்பே மெஷினை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கையால் பிடுங்குகிறவர் எனக்கு வேண்டியவர். பக்கத்தில் கார் நின்றால், கல் தெறிக்காமல் இருக்க வலைத் தடுப்பு எங்கே என்று கேட்கிறாரா என்றும் கவனிப்பேன். பிறகு ஒரு கிளையை அறுக்கச் சொல்வேன். தெரிந்தவர் முதல் வெட்டைக் கீழிருந்துதான் போடுவார். மேலிருந்தே அறுத்தால், பாதியில் கிளை ஒடிந்து தண்டின் பட்டையையும் கிழித்துக்கொண்டு விழும். கடைசி வெட்டை, கிளை தண்டோடு சேரும் தடித்த கழுத்தைத் தொடாமல் அதற்கு வெளியே போடுவார். அந்தக் கழுத்து மிஞ்சினால்தான் காயம் மூடும். சான்றிதழையும் பார்க்கிறேன், ஆனால் இதற்குப் பிறகுதான்.

இந்தத் தேர்வில் நான் பார்த்த சிறந்த கை, ஜோகூரிலிருந்து வந்த ஒரு பெரியவருடையது. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வந்திருந்தார். மெஷினை இறக்கி வைத்துவிட்டு, அடிமரத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "என்னண்ணே பாக்குறீங்க?" என்றேன். "பால்மரக் காட்டுல வளர்ந்தவன் தம்பி. கத்தி கட்டையைத் தொட்டுட்டா பட்டை மறுபடி சரியா வராது. தோலு போச்சுன்னா மரம் போச்சு" என்றார். அன்றே சேர்த்துக்கொண்டேன்.

பால்மரம் என்றால் ரப்பர் மரம். மார்சிலிங் என்ற பெயரே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர்தான். அதன் முதலாளி லிம் நீ சூன் தம் முன்னோரின் சீனக் கிராமத்துப் பெயரைத் தம் தோட்டத்துக்கு வைத்தார். தோட்டம் போய் ஊர் வந்தது. பால்மரம் வெட்டிய நம்மவர்களின் கைப்பழக்கம் எந்தச் சான்றிதழிலும் ஏறவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் வந்து நிற்கும்போது வயதைக் காட்டித் திருப்பி அனுப்புவது பெரிய இழப்பு.

2021 பிப்ரவரி 18 காலை, மார்சிலிங் பூங்காவில் ஏறக்குறைய 20 மீட்டர் உயர மரம் ஒன்று சாய்ந்து, 38 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து, புதிதாக வருகிறவரிடம் மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வரச் சொல்கிறேன். "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்கிறேன். காளான், விரிசல், வேர்ப்பக்கம் எழும்பிய மண் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னாலும் போதும். மேலே நிமிர்ந்தே பார்க்காதவருக்கு மற்றதெல்லாம் தெரிந்திருந்தாலும் தயங்குவேன்.

நல்ல ஆள் கிடைத்தபின் அவர் தங்குவது நம் கையில் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியருக்கு வேலை கொடுக்க அவரிடமே பணம் வாங்குவது இங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. அவருக்காக முதலாளி கட்டும் தீர்வையை அவர் சம்பளத்தில் பிடிப்பதும் கூடாது. இருந்தும் ஊரில் முகவருக்குக் கடன்பட்டு வந்த தம்பிகளை ஞாயிறுதோறும் தேக்காவில் பார்க்கிறேன். கடனோடு வந்தவர் கண் மரத்தில் நிற்காது, மாதக் கணக்கில்தான் நிற்கும். உள்ளூர் ஊழியருக்கு, நம் துறையில் 2016 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை கட்டாயம். அதைச் செலவாக மட்டும் பார்க்கிற முதலாளிகளோடு எனக்கு ஒத்துப்போகாது. வெயிலும் அப்படித்தான். ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு (WBGT) 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு தரவேண்டும். களைத்த கைதான் மெஷினைப் பட்டையில் இடிக்கிறது.

வரும் திங்கட்கிழமை இருவர் புதிதாகச் சேர்கிறார்கள். முதல் வாரம் அவர்கள் கையில் மெஷின் இல்லை. ஜோகூர் அண்ணனோடு மரத்தடியில் உட்கார்ந்து கையால் புல் பிடுங்குவார்கள்.