தோட்டத்தை வித்துட்டு தீவுக்கா?

அண்ணனுக்கு அந்தமானுக்கு மாற்றல் வந்தாச்சு. கோபி பக்கத்து தோட்டத்துல இருந்து அப்பா, அம்மா, அண்ணி, குட்டீஸ் எல்லாருமே கெளம்பறாங்க. ஆபிஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக, சாமான் லிஸ்ட் போடுற வேலை என் தலையில. எக்ஸெல்ல 83 வரி வந்திருக்கு (ஹி ஹி).

மிக்ஸி, குக்கரெல்லாம் அங்கயே கிடைக்கும். தமிழ்க்காரங்களும் நிறைய இருக்கற ஊருதான். யோசிக்க வேண்டியது வேற. ஸ்ரீ விஜயபுரத்துல (2024 வரைக்கும் போர்ட் பிளேர்) வருசத்துக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. நம்மூர்ல அதுல மூணுல ஒரு பங்கு பேஞ்சாலே பெரிய விஷயம். கடிகாரம் நம்ம நேரம்தான் காட்டும்; ஆனா தீவு கிழக்கால இருக்கறதால டிசம்பர்ல சாயங்காலம் 5 மணிக்கே பொழுது சாஞ்சுடும். விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு மாடு, மடை, வாய்க்கால்னு 40 வருசம் ஓட்டின மனுசன், குவார்ட்டர்ஸ் மாடியில அவ்ளோ சீக்கிரம் இருட்டிட்டா என்ன பண்ணுவாரு? 83 வரியில இதுக்கு ஒரு வரி இல்ல.

அண்ணன் தோட்டத்தை வித்துடலாம்ங்கறாரு. என்னைக் கேட்டா கூடவே கூடாது. 1 வருசம் குத்தகைக்கு விடலாம். அதுக்கு முன்னாடி அப்பாவை மழைக்காலத்துல ஒரு மாசம் அங்க வெச்சுப் பாக்கணும். வெயில் நாள்ல பீச்சைப் பாத்துட்டு முடிவெடுக்கறது டூரிஸ்ட் பண்ற வேலை. சென்னையிலருந்து கப்பல்ல கிட்டத்தட்ட 3 நாள். நெனைச்ச உடனே பஸ் ஏறி திரும்பி வர முடியாதுங்க.

நேத்து போன்ல அப்பாகிட்ட, லிஸ்ட்ல வேற என்ன சேக்கணும்னு கேட்டேன். "மம்பட்டி ஒண்ணு எழுதிக்கோ கண்ணு"ன்னாரு.