பயிற்சிக்கூட ஏரணம்

தமிழ்ப் பெற்றோரை இன்று ஓர் உரை ஆட்டிப்படைக்கின்றது. "பயிற்சிக்கூடத்திற்குச் சென்ற பிள்ளைகள் நீட் தேர்வில் வென்றனர், எனவே, உங்கள் பிள்ளையையும் அனுப்புக, தகுதி தானே வளரும்" என்பதே அது. மறுக்கவொண்ணாததுபோல் தோன்றும் இவ்வுரையுள் சொல்லாமல் மறைத்துவைத்த கருத்துகள் மூன்று உள. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு ஆகியவற்றின் போலிகளை மணிமேகலையின் 29ஆம் காதையிலேயே வகுத்துரைத்த மரபினர் நாம். இவ்வுரையையும் அவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

முதலாவது, வென்றவர் பயிற்சியால் மட்டுமே வென்றனர் என்பது. பெரும்பணம் கட்டவும், பள்ளி முடித்த பிள்ளையை மேலும் ஓராண்டு வீட்டில் வைத்துக் காக்கவும் வல்ல குடும்பத்தாரே பெரும்பாலும் அங்கு அனுப்புகின்றனர். அவ்வளமும் ஓய்வும் தந்த பயனை முழுதும் பயிற்சியின் கணக்கில் எழுதுவது முறையா? வென்றார் படங்கள் சுவரில் உள. அதே கூடத்தில் பயின்று தோற்றார் படங்கள் எங்கே?

இரண்டாவது, மதிப்பெண்ணே தகுதி என்பது. 3 மணிநேரத்தில் 180 வினாக்களுக்கு, தந்த நான்கனுள் ஒன்றைக் குறிக்கும் விரைவைப் பயிற்சி வளர்க்கும், ஐயமில்லை. யாமும் ஆசிரியரே, பயிற்சியைப் பழிக்கவில்லை. ஆனால், பள்ளிப் பாடத்தை நன்கு கற்றவனுக்கும் தனிப்பயிற்சி இன்றியமையாதது எனில், அத்தேர்வு கற்றதை அளக்கவில்லை; அளக்கின்றது எனில், தனிப்பயிற்சி வேண்டா. இரண்டையும் ஒருங்கே விற்பது எங்ஙனம்?

மூன்றாவது, வாயில் அனைவர்க்கும் ஒன்றுபோல் திறந்துள்ளது என்பது. தமிழக அரசு அமைத்த ஏ.கே. இராசன் குழு 2021இல் தந்த அறிக்கையைக் காண்க. மருத்துவ இடம் பெற்றோருள், பள்ளி முடித்த ஆண்டிலேயே சேராது மீண்டும் முயன்று சேர்ந்தோர் 2016-17இல் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். 2020-21இல் ஏறத்தாழ 71 பேர்! காத்திருக்க வலியற்ற கூலியுழவன் மகளுக்கு வாயில் எங்கே? அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் நூற்றுக்கு 7.5 இடம் உள்ளொதுக்கீடு செய்ய நேர்ந்ததே அதற்குச் சான்று.

பெற்றோர்களே! ஆசிரியர்களே! விடையைக் குறிக்க மட்டுமன்று, கூற்றுள் ஒளிந்திருப்பதை வினவவும் பிள்ளைகட்குக் கற்பியுங்கள். பயிற்சிக்கூடத்தின் விளம்பரத்தாள் உங்கள் கைக்கு வருங்கால், எத்துணைப் பேர் வென்றனர் என்று பாராதீர். எத்துணைப் பேர் சேர்ந்தனர் என்று கேளுங்கள்!