முதல் டிராக்டர்: குதிரையை எண்ணாதீர்கள், மண்ணைப் பாருங்கள்

மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் முதல் டிராக்டர் வாங்கப் போகிறார்கள் என்றால் ஊரே சேர்ந்து ஆலோசனை சொல்லும். டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு இரண்டே கேள்விகளில் முடிந்துவிடும். ஒன்று, "எத்தனை ஹெச்பி?" இரண்டு, "என்ன கலர்?" சிவப்பு என்றால் மாஸி அல்லது மஹிந்திரா. பச்சை என்றால் ஜான் டீர். ஆரஞ்சு என்றால் குபோட்டா. நீலம் என்றால் சோனாலிகா அல்லது நியூ ஹாலண்ட். மாமா வைத்திருக்கும் கலர்தான் மருமகனுக்கும்!

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த வண்டி எந்த மண்ணில் இறங்கப் போகிறது? அதன் பின்னால் எந்தக் கலப்பை மாட்டப் போகிறார்கள்? வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடப் போகிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் பத்து மாடல்களின் விலைப்பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. டிராக்டர் என்பது பைக் மாதிரி பிடிக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் மாற்றுகிற பொருள் அல்ல. பல வீடுகளில் அதற்கு அடமானமாக நிற்பது நிலப் பத்திரம்.

முதலில் மண். மதுரை மாவட்டம் ஒரே மாவட்டம்தான், ஆனால் மண் ஒன்றல்ல.

வைகை, பெரியாறு தண்ணீர் பாயும் சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் நஞ்சை. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் மட்டும் 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர் பகுதியில் ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர். இங்கே டிராக்டரின் முக்கிய வேலை சேற்றுழவு. சேற்றில் இறங்கும் வண்டிக்கு அதிக எடை ஒரு எதிரி. கேஜ்வீல் மாட்டினாலும் கனமான வண்டி புதையும், புதைந்தால் டீசல் குடிக்கும், அடுத்த வண்டி வந்து இழுக்க வேண்டும். அதனால்தான் நெல் விளையும் ஊர்களில் எடை குறைந்த வண்டிகளுக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளுக்கும் மவுசு. அச்சுக்குள் சேற்றுத்தண்ணீர் போகாமல் தடுக்கும் சீல் நன்றாக இருக்கிறதா என்பதும் இங்கே பெரிய கேள்வி. ஷோரூமில் யாரும் அதைக் கேட்பதில்லை.

தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி, கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் வந்தால் கரிசல். பருத்தி, மக்காச்சோளம், சோளம், பயறு வகைகள்... எல்லாம் மானாவாரி. கரிசல் காய்ந்தால் கல், நனைந்தால் களி. இரண்டுக்கும் நடுவில் உழுவதற்குச் சரியான ஈரம் சில நாட்கள்தான் கிடைக்கும். அந்த நாட்களை விட்டால் விதைப்பே தள்ளிப்போகும். கோடை உழவுக்குச் சட்டிக்கலப்பையை ஆழமாக இழுக்க வேண்டும். இங்கே சேற்றுக்குப் பொருந்தும் அதே இலேசான வண்டி சக்கரம் வழுக்கி நிற்கும். எடையும் வேண்டும், 45 முதல் 50 ஹெச்பி வரை இழுவையும் வேண்டும்.

மூன்றாவது, மல்லிகைத் தோட்டமும் தென்னந்தோப்பும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ மணக்கிறது, ஆனால் செடி வரிசைக்கு நடுவில் 45 ஹெச்பி வண்டி நுழையாது. அங்கே பவர் டில்லர் அல்லது 20 ஹெச்பி சுற்றுவட்டாரத்தில் உள்ள மினி டிராக்டர்தான் தோது. பெரிய வண்டி வாங்கிவிட்டு வரிசைக்குக் களையெடுக்க மறுபடி ஆள் தேடுகிறவர்கள் உண்டு.

ஆக, சோழவந்தான்காரருக்கு நல்ல வண்டி பேரையூர்காரருக்கு நல்ல வண்டியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், அவரவர் மண்ணைப் பற்றி.

அடுத்து அந்த ஹெச்பி. பானெட்டில் ஒட்டியிருப்பது என்ஜினின் சக்தி. ரோட்டவேட்டர் சுற்றுவது பின்னால் உள்ள பிடிஓ தண்டின் சக்தியில். வழியில் கியர்கள் தின்றது போக, என்ஜின் சக்தியில் சுமார் 85 சதவீதம்தான் பிடிஓ-வுக்கு வந்து சேரும். 45 ஹெச்பி வண்டியில் 38 வரலாம். ஒரே 45 என்று எழுதிய இரண்டு வண்டிகளில் பிடிஓ சக்தி இரண்டு விதமாக இருக்கும். ஆகவே ஒப்பிட வேண்டிய எண் அதுதான். கூடவே ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து அடி ரோட்டவேட்டரா, ஆறு அடியா, ஒன்பது கொத்துக் கலப்பையா என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற வண்டியைத் தேடுவதே நேரான வழி. நம் ஊரில் நடப்பதோ தலைகீழ். வண்டியை வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் காசில் கிடைக்கிற கலப்பையை வாங்குகிறார்கள்.

இன்னொரு விஷயம். 50 ஹெச்பிக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் வந்துவிட்டன. அந்த என்ஜின்களில் மின்னணு வேலை அதிகம், விலையும் அதிகம். ஊர் மெக்கானிக் ஸ்பேனரை வைத்துக் காட்டும் வித்தை அங்கே முழுதாகச் செல்லாது. "ஐந்து ஹெச்பி தானே கூட" என்று அந்தக் கோட்டைத் தாண்டும் முன் யோசிக்க வேண்டும்.

மெக்கானிக் என்றதும் ஞாபகத்துக்கு வருவது தூரம். வண்டி பெரும்பாலும் வேலை இருக்கும் நாளில்தான் நிற்கும், சும்மா கிடக்கும் நாளில் அல்ல. வாய்க்காலில் தண்ணீர் திறந்த வாரத்தில் ஒரு கிளட்ச் பிளேட்டுக்காக நான்கு நாள் காத்திருந்தால் அந்தப் போகத்தின் வாடகை வருமானம் போயிற்று. ஆகவே உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கும், அதே மாடல் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஓடுகிறது என்பதும் ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரிசை. மாஸி டிராக்டர் தயாரிக்கும் சென்னை டாஃபே நிறுவனத்துக்கு மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியிலேயே தொழிற்சாலை இருக்கிறது. அதற்காக எல்லாரும் மாஸியே வாங்க வேண்டும் என்பதல்ல. பழக்கப்பட்ட வண்டிக்குக் கை வைக்க ஆள் கிடைப்பார்கள் என்பது மட்டுமே இதில் உள்ள செய்தி.

இப்போது வலிக்கிற பகுதி. கணக்கு!

ஒரு உதாரணத்துக்கு, வண்டி 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருந்து 2 லட்சம், கடன் 6 லட்சம். வட்டி 12 சதவீதம், ஐந்து வருடம். மாதத் தவணை சுமார் 13,350 ரூபாய். வருடத்துக்கு 1,60,000. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 2 லட்சம்.

வாடகை மணிக்கு 1,000 ரூபாய், அதில் டீசல், டிரைவர் கூலி, ஆயில், ரிப்பேர் எல்லாம் 600 என்று வைத்தால் மிஞ்சுவது 400. தவணையைக் கட்ட மட்டுமே வருடம் 400 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். சொந்த நிலம் ஐந்து ஏக்கர், இரண்டு போகம், ஏக்கருக்கு நான்கு மணி நேரம் என்றால் சொந்த வேலை 40 மணி நேரம். மீதி 360 மணி நேரமும் அடுத்தவர் வயலில்! அதுவும் தண்ணீர் திறக்கும் சில வாரங்களில், ஊரில் உள்ள மற்ற எல்லா டிராக்டர்களோடும் போட்டி போட்டுக்கொண்டு.

இது ஐந்து ஏக்கர்காரர் கணக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் முதல் டிராக்டர் வாங்குகிற பெரும்பாலோர் உண்மையில் விவசாயத்துக்கு வாங்கவில்லை, ஒரு வாடகைத் தொழில் தொடங்குகிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் தொழில் தொடங்குகிறோம் என்று தெரிந்து தொடங்க வேண்டும்.

தெரியாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச்சில் ஒரு காட்சி கிடைத்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸார் அடித்து இழுத்துச் சென்ற வீடியோவை நாடே பார்த்தது. அவர் மேல் தப்பா, கடன் கொடுத்தவர் மேல் தப்பா என்பது வேறு விவாதம். மழை பொய்த்தாலும் தவணைத் தேதி பொய்க்காது என்பது மட்டும் நிச்சயம்.

மானியம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவருக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் உச்சவரம்போடு மானியம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டியும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் மானியம் விலையைக் குறைக்குமே தவிர, வேலையை உண்டாக்காது. 400 மணி நேரம் 250 ஆகலாம், அந்த 250-ம் எங்கிருந்தோ வர வேண்டும்.

அதனால் ஒப்பீட்டுப் பட்டியலில் கடைசி வரியாக ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்: "வாங்காமல் இருப்பது." வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் பதிவு செய்யலாம். வாடகை தனியாரைவிடக் குறைவு, காத்திருப்பதுதான் குறை. பல கூட்டுறவு சங்கங்களிலும் வாடகை வண்டிகள் உண்டு. நான்கு பங்காளிகள் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால் அந்த 400 மணி நேரக் கணக்கு உடனே எளிதாகிறது. பங்காளிகள் ஒத்துப்போவது வேறு பிரச்னை!

உயிர் விஷயமும் ஒன்று. வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் டிராக்டர் கவிழ்வது அடிக்கடி செய்தியில் வருகிறது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் டிராக்டரோடு ஏடிவி என்கிற நான்கு சக்கர பைக்கும் ஓடுகிறது. அவை கவிழ்ந்து ஆட்கள் செத்ததால், 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கும் புதிய பண்ணை ஏடிவிகளில் ஓட்டுபவரைக் காக்கும் வளைவுக் கம்பி கட்டாயமானது. விதியை ஏற்க முடியாத பெரிய கம்பெனிகள் அந்தச் சந்தையை விட்டே போயின. அரசு பின்வாங்கவில்லை. நம் ஊரிலோ அந்தக் கம்பி இருக்கிற மாடலைக் காட்டினால், "கிளையில் இடிக்கும், வேண்டாம்" என்று கழற்றச் சொல்கிறார்கள். அந்தக் கம்பியும் சீட் பெல்ட்டும் சேர்ந்தால்தான் பலன். டிரெய்லரில் ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவது சட்டப்படி தப்பு. விபத்து என்றால் இன்சூரன்ஸில் பெரும் சிக்கல் வரும்.

ஆக ஷோரூம் வாசலை மிதிக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். மண் எது, கலப்பை எது, வருடத்தில் எத்தனை மணி நேரம், மெக்கானிக் எத்தனை கிலோமீட்டர், தவணை எவ்வளவு என்று ஐந்து வரி எழுதுங்கள். அந்த ஐந்து வரிக்குப் பொருந்தும் வண்டிகள் இரண்டோ மூன்றோதான் தேறும். அவற்றை வயலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், தார் ரோட்டில் அல்ல. ஒன்றுமே தேறவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். இந்த வருடம் வாடகைக்கு உழுதுவிட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று அதே நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் எந்த சேல்ஸ்மேன் சொல்வதையும்விட அந்தக் குறிப்பு உண்மையாக இருக்கும்.

கலர்? அதைக் கடைசியில் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.