பெட்டியின் மேல் ஒரு பெயர், பேடின் மேல் ஒரு பெயர்

காரின் முகப்பில் எந்த நிறுவனத்தின் சின்னம் இருந்தாலும், அதன் பிரேக் பேடை அந்த நிறுவனம் பெரும்பாலும் தானே செய்வதில்லை. அதற்கென்றே இருக்கும் ஆலைகளிடம் வாங்கிப் பொருத்துகிறது. சென்னைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் கிர்லிங்கும் 1962-இல் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, பாடியில்தான் இருக்கிறது. அதே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். பக்கத்து அம்பத்தூரில் ரானேயின் லைனிங் ஆலை.

ஆகவே, “கம்பெனி பேட் போடவா, வெளியில வாங்கிப் போடவா சார்?” என்று மெக்கானிக் கேட்கும்போது, ஒன்று அசல், மற்றது நகல் என்று நினைத்துக்கொள்வது பாதிதான் சரி. வெளியில் விற்கும் சரக்கு ஒரே ரகம் இல்லை. பிரேக் தயாரிப்பாளரே தன் பெயரில் சந்தைக்கு அனுப்புவது ஒன்று; பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கிர்லிங் அப்படிப்பட்டது. யார் செய்தது என்றே தெரியாத மலிவுச் சரக்கு இன்னொன்று. கார் நிறுவனத்தின் பெட்டியை அப்படியே அச்சடித்து வரும் டூப்ளிகேட் மூன்றாவது. பயப்பட வேண்டியது பின்னால் சொன்ன இரண்டுக்கும்தான்.

முதல் ரகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே ஆலையில் செய்தாலும் கலவை ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பிசின், நார், உலோகத் தூள், கிராஃபைட், அரம்போல் உராயும் துகள்கள் எனப் பல பொருள்கள் சேர்ந்ததுதான் பேடின் உராய்வுப் பகுதி. வண்டியின் எடை, டிஸ்கின் அளவு, சத்தம், தேய்மானம் எல்லாம் பார்த்துத்தான் கார் நிறுவனம் ஒரு கலவைக்கு ஒப்புதல் தருகிறது. வெளிச்சந்தைப் பெட்டியில் இருப்பது அதே கலவையாகவும் இருக்கலாம், சற்றே மாறியும் இருக்கலாம். பேட் சரியாகப் பொருந்துகிறது என்பதாலேயே சரியாக நிறுத்தும் என்று ஆகிவிடாது.

ஐரோப்பா இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஐ.நா.வின் 90-ஆம் எண் வாகன விதிப்படி, மாற்று பேடின் நிறுத்தும் திறன் அசலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. உராய்வுப் பகுதி இரும்புத் தகட்டை எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்கிறது என்பதும் சோதிக்கப்படும். தேறிய பேடில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் நாட்டின் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சில ஐரோப்பியப் பெயர்களிலும் இந்த முத்திரையைப் பார்க்கலாம். அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றில்லை. ஆனாலும் விற்பவரின் வாய்ச்சொல்லைவிட எவ்வளவோ மேல்.

பேடின் விளிம்பையும் திருப்பிப் பார்க்க வேண்டும். சில பேட்களில் நீண்ட குறியீட்டின் கடைசியில் ‘எஃப் எஃப்’, ‘ஜி ஜி’ போல இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பதையும், அடுத்தது சூடேறிய பிறகு எவ்வளவு என்பதையும் காட்டுகிறது. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. முதலில் ‘எஃப்’, அடுத்து ‘ஈ’ என்றிருந்தால், சூட்டில் பிடி தளரும் பேட் அது. எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்துகள் சொல்லாது.

சூடுதான் இங்கே முக்கியம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு டன் காரை ஒருமுறை நிறுத்தினால் எழும் வெப்பம், முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் ஆறவே வாய்ப்பில்லை. மட்டமான பேடில் பிசின் தீய்ந்து பிடி போய்விடும். டூப்ளிகேட் என்றால் உராய்வுப் பகுதியே தகட்டிலிருந்து பெயர்ந்து வரலாம். நகரத்துச் சிக்னல்களில் ஆறு மாதம் ஒழுங்காக நின்ற பேடும் இந்த இறக்கத்தில் கைவிடக்கூடும் என்பதால், “எனக்கு நல்லாத்தான் ஓடுது” என்ற சிபாரிசை நம்பி வாங்குவது ஆபத்து. இறங்கும்போது இரண்டாம் கியரில் வருவது எந்த பேட் போட்ட வண்டிக்கும் பொருந்தும்.

அப்படியானால் எதை வாங்குவது? நம்பகமான மெக்கானிக் இல்லாதவர், விலை கூடினாலும் அங்கீகரிக்கப்பட்ட கவுண்ட்டரில் கார் நிறுவனத்தின் பெட்டியையே வாங்கிவிடலாம். வேலை தெரிந்த மெக்கானிக் வாய்த்தவருக்கு, பெயர் பெற்ற பிரேக் தயாரிப்பாளரின் பேட் தாராளமாகப் போதும். மாடல், ஆண்டு, வேரியன்ட் மூன்றையும் சொல்லி, பில்லோடு வாங்க வேண்டும். பில் தர மறுக்கும் கடையில் எந்தப் பெட்டியும் வேண்டாம். பந்தயக் கார்களுக்கான பேட் மீது ஆசைப்படுவோரும் இருக்கிறார்கள். அது சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய உடனே குறுக்கே ஓடும் குழந்தைக்கு அது உதவாது.

எதை வாங்கினாலும் முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புது பேட் டிஸ்கோடு படியும் வரை, முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாமல் மிதமாக மிதிப்பது நல்லது. கழற்றிய பழைய பேட்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும். ஒரே சக்கரத்தின் உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் ஊசி (‘பின்’) இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லாமல் வண்டியை எடுத்து வந்தால், கம்பெனி பேடானாலும் வெளிப் பேடானாலும் அதே பக்கம்தான் மறுபடி தேயும்.