பேழைக்குள் ஒரு திருப்புளி

பழம்பொருள் சேர்ப்போர் தொகை நம்மவரிடையே பெருகி வருதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், சேர்த்ததைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பூட்டுவதோடு கடமை முடிந்ததென அவர்கள் கருதுவது எமக்கு உடன்பாடன்று. புரித்தண்டுத் திருப்புளியை முன்னிட்டு இதனைக் கூற விழைகின்றோம்.

அக்கருவியை அறியாத மாணவர் பொருட்டுச் சில சொற்கள். சாதாரணத் திருப்புளியை மணிக்கட்டால் திருப்பித் திருப்பிச் சுழற்றல் வேண்டும். இதிலோ பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினாற் போதும். தண்டிலே இடமாகவும் வலமாகவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் புரிக்காடிகள் அவ்வழுத்தத்தைச் சுழற்சியாக்கும். சிறு பொத்தானை ஒருபுறம் தள்ளின் திருகாணி இறங்கும். மறுபுறம் தள்ளின் கழலும். பிலடெல்பியா நகரத்து நோர்த் சகோதரர் நிறுவனம் இதனை 'யாங்கி' என்னும் பெயரால் விற்றது. 1946இல் ஸ்டான்லி நிறுவனத்தார் அதனை வாங்கினர். 30ஆம் இலக்கக் கருவியில் பிடியைக் கையாலேயே மேலிழுத்தல் வேண்டும். 130ஆம் இலக்கத்தில் உள்ளிருக்கும் சுருள்வில் அவ்வேலையைச் செய்யும்.

எம்மிடமுள்ள மூன்றும் தலவாக்கலைப் பகுதித் தோட்டப் பட்டறைகளிற் கழிக்கப்பட்டு, பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டவை.

தேயிலையின் வரலாற்றைப் போற்றுவோர் பெரும் பொறிகளை மறந்தாரல்லர். 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. ஆனால், அத்தகைய பொறிகளை இரவு பகலாகப் பழுதுபார்த்த பிற்றரின் கையையும் தச்சரின் கையையும் பேணியவர் யார்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென இரு அரசுகளும் உடன்பட்டன. கப்பலேறியவர்களுடன் அவர்தம் கைப்பழக்கமும் சென்றது. கருவி தோட்டத்துச் சொத்தாதலால் இங்கேயே நின்றது. பழகிய கை அகன்றபின் அது துருவேறியதில் வியப்பென்ன? அக்கைப்பழக்கம் உடைய முதியோர் சிலர் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டறியாது, கருவியின் இலக்கத்தையும் விலையையும் மட்டும் குறித்து வைப்பது என்ன சேகரிப்போ!

பயன்படுத்தினாற் தேயும் என்பர். எமது அனுபவத்தில், தேய்மானத்தினும் இம்மலைநாட்டுப் பனியும் மழையுமே பெருங்கேடு. அசையாத தண்டில் பழைய எண்ணெய் பிசினாக இறுகும். மண்ணெண்ணெயாற் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு துளியிட்டு இயக்கினால், பல கருவிகள் உடனே உயிர்பெறும். நிக்கல் முலாமை மணற்கடதாசியால் உரித்துப் பளபளப்பாக்குவோரை மன்னிக்க எம்மால் இயலவில்லை. 130ஆம் இலக்கத்தைக் கையாளும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது: உள்ளே அடக்கிய தண்டை விடுவிக்குங்கால் அது அம்பெனப் பாயும், முகத்துக்கு நேரே பிடித்தல் ஆகாது. வெட்டுக்குப் பொருந்தாத அலகை இட்டு அழுத்தினால், அது வழுக்கி மரத்தையே கீறும்.

ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு ஓய்வளிக்கின்றோம். விசயதசமியன்று அவற்றை மீண்டும் கையில் எடுக்கின்றோம். வழிபாட்டுக்கே ஒரு நாள்தான் ஓய்வென்றால், பேழைக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்குவது எந்த முறை?

கல்லூரித் தொழிற்கூடத்தில் இத்தகைய கருவிகளுக்கென ஒரு பலகை அமைத்து, ஓய்வுபெற்ற பிற்றர் ஒருவரை மாதமொருமுறை அழைத்து மாணவருக்குப் பழக்குமாறு அதிபரையும் சங்கத்தாரையும் வேண்டுகின்றோம். எமது மூன்றில் ஒன்றை இன்றே தரச் சித்தமாயுள்ளோம். நிபந்தனை ஒன்றே: பலகைக்குப் பூட்டு இருத்தலாகாது.