கேரேஜில் ஒரு தோட்டா ஃபேக்டரி: அமெரிக்கர்களின் 'ரீலோடிங்' ஹாபிக்குள் ஒளிந்திருக்கும் அரசியல்!

சனிக்கிழமை ராத்திரி. நம்ம தெருவில் நாலு பேர் கேரம் போர்டில் பவுடர் தூவிக்கொண்டிருக்கும் அதே வீக் எண்டில், அமெரிக்காவின் ஏதோ ஒரு புறநகர் வீட்டு கேரேஜில் ஒருவர் வேறொரு பவுடரை அளந்துகொண்டிருப்பார். மேஜையில் ஒரு இரும்பு பிரஸ், துல்லியமான தராசு, டப்பா நிறையப் பித்தளைக் குப்பிகள். அவர் செய்துகொண்டிருப்பது தன் கைத்துப்பாக்கிக்கான தோட்டா!

அதிர்ச்சியாக இருக்கிறதா? அங்கே இது தச்சு வேலை, மீன்பிடித்தல் மாதிரி ஒரு ஹாபி. பெயர், 'ரீலோடிங்'. இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கருவிகள் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. நெப்ராஸ்காவில் ஹார்னடி, விஸ்கான்சினில் லீ, அரிசோனாவில் டில்லன் என்று பட்டியல் நீளும்.

'எனக்கு வேண்டியதை நானே செஞ்சுப்பேன், யாரையும் நம்பி இருக்க மாட்டேன்' என்பதுதான் இந்த ஹாபியின் தாரக மந்திரம். ஆனால், கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் அந்த மந்திரம் எவ்வளவு தூரம் உண்மை என்ற கேள்வி வருகிறது. கொரோனா, உக்ரைன் போர், சீனாவின் ஏற்றுமதித் தடை என எல்லாமே அந்த கேரேஜ் கதவைத் தட்டியிருக்கின்றன.

தரையில் விழும் பித்தளை

முதலில் பேசிக்ஸ். ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளை உறை, அதன் அடியில் இருக்கும் பிரைமர் என்ற சின்னப் பொத்தான், உள்ளே புகையில்லா வெடிமருந்து, தலையில் குண்டு. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டும். அதில் கிளம்பும் பொறி மருந்தைப் பற்றவைக்கும். எரியும் மருந்து வாயுவாக விரிந்து குண்டை வெளியே தள்ளும்.

சுட்டு முடித்ததும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். பித்தளை உறை மட்டும் முழுசாகத் தரையில் விழும். அதைப் பொறுக்கி, சுத்தம் செய்து, விரிந்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்ப்பதுதான் ரீலோடிங். ஒரே உறையைப் பல முறை பயன்படுத்தலாம்.

இது சட்டப்படி சரியா? அமெரிக்காவில் சரிதான். 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, விற்பதற்காகத் தயாரித்தால்தான் லைசென்ஸ் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வேண்டாம். நம் நாட்டில் கதையே வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பதைக் குற்றம் என்கிறது. ஸோ, இது வேடிக்கை பார்ப்பதற்கான கட்டுரை மட்டுமே!

காசு மிச்சமாகுதா?

'ரீலோடிங் பண்ணினா காசு மிச்சமாகாது. அதே காசுக்கு அதிகமா சுடுவோம், அவ்வளவுதான்.' இந்த ஹாபியில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே கிண்டலடித்துச் சொல்லும் வசனம் இது. ஆனாலும் பலரை உள்ளே இழுப்பது விலைதான். அதைவிட முக்கியமாக, பயம்.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 'கடுமையான சட்டம் வரப்போகுது' என்ற பயத்தில் மக்கள் தோட்டாக்களை வாங்கிக் குவித்தார்கள். கடைகள் காலியாகின. அடுத்த பெரிய அலை 2020-ல். பெருந்தொற்று, போராட்டங்கள், அதிபர் தேர்தல் என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஆண்டு அது. எஃப்.பி.ஐ-யின் துப்பாக்கிப் பின்னணிச் சோதனைகள் 2019-ல் சுமார் 2.84 கோடியாக இருந்தன. 2020-ல் அது 3.97 கோடியானது. ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை என்று அர்த்தமில்லை. ஆனால், பதற்றம் எந்தப் பக்கம் போனது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

அதே 2020-ல் அமெரிக்காவின் பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு போட்டது. தேவை எகிறிய நேரத்தில் ஒரு பெரிய தோட்டா ஆலை தள்ளாடியது. சுமார் 20 சென்ட்டுக்குக் கிடைத்த ஒரு 9 எம்.எம். தோட்டா, சில மாதங்களில் ஒரு டாலரை நெருங்கியது.

'நான்தான் வீட்டிலேயே செய்றேனே' என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு அப்போதுதான் ஷாக். கடைகளில் பிரைமர்களும் காணாமல் போயின. காரணம் எளிது. பிரைமர் தயாரிக்கும் நிறுவனங்கள்தான் முழுத் தோட்டாவையும் தயாரிக்கின்றன. தட்டுப்பாடு வந்தால் முதலில் தங்கள் சொந்த ஆலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருந்தால்தான் ஹாபிக்காரருக்கு. பித்தளையைப் பொறுக்கலாம், ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கலாம். பிரைமரை மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். தொட்டால் வெடிக்கும் ரசாயனம் அது.

இன்று நிலைமை சீராகியிருக்கிறது. ஆனால் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பிரைமர், மருந்து, குண்டு மூன்றையும் கூட்டினால் ஒரு 9 எம்.எம். தோட்டாவுக்குச் சுமார் 20 சென்ட் ஆகிறது. கடையில் வாங்கும் தோட்டாவும் கிட்டத்தட்ட அதே விலைதான். .44 மேக்னம், .45 கோல்ட் போன்ற அதிகம் விற்காத ரகங்களில்தான் இப்போது உண்மையான லாபம்.

நாலு பிராண்டு, மூணுக்கு ஒரே முதலாளி

அமெரிக்காவில் பிரைமர் என்றால் பிரதானமாக நான்கு பெயர்கள். சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். ரெமிங்டன் திவாலானதும் அதன் தோட்டாப் பிரிவை 8.14 கோடி டாலருக்கு வாங்கியது விஸ்டா அவுட்டோர் நிறுவனம். சி.சி.ஐ-யும் ஃபெடரலும் ஏற்கெனவே அதன் கையில் இருந்தன. 2024 நவம்பரில் விஸ்டா தன் தோட்டாத் தொழில் முழுவதையும் செக் நாட்டின் செக்கோஸ்லோவாக் குழுமத்துக்கு 220 கோடி டாலருக்கும் மேலான விலையில் விற்றுவிட்டது.

அதாவது, 'எங்க கையே எங்களுக்கு உதவி' என்று சொல்லும் அமெரிக்க ஹாபிக்காரரின் நான்கு பிரைமர் பெட்டிகளில் மூன்றுக்கு முதலாளி இப்போது பிராக் நகரத்தில் இருக்கிறார். அந்தக் குழுமம் உக்ரைனுக்குப் பீரங்கிக் குண்டுகள் அனுப்பும் நிறுவனமும்கூட.

பருத்திக்கொட்டையும் பீரங்கியும்

அடுத்தது மருந்து. பழைய கால கறுப்பு மருந்து இல்லை இது. புகையில்லா வெடிமருந்தின் அடிப்படை, நைட்ரோசெல்லுலோஸ். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் பருத்தியிலிருந்து! பஞ்சைப் பிரித்த பிறகும் பருத்திக்கொட்டையில் குட்டையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த இழைதான் மூலப்பொருள். மதுரையில் பருத்திப்பால் குடித்தவர்களுக்கு அந்தக் கொட்டையைத் தெரிந்திருக்கும்.

அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் 155 மி.மீ. பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்துக்கும் வேண்டும். உக்ரைன் போரில் பீரங்கிகள் ஓயாமல் முழங்க, உலகமெங்கும் ஆலைகளுக்கு ராணுவ ஆர்டர்கள் குவிந்தன. பீரங்கிக்கும் கேரேஜுக்கும் போட்டி வந்தால் யார் ஜெயிப்பார்? 2023 இறுதியில், உலக அளவில் வெடிமருந்துத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று காரணம் சொல்லி, 2024 ஜனவரி முதல் விலையேற்றம் என வியாபாரிகளுக்கு அறிவித்தது விஸ்டா. பருத்தி இழைக்குச் சீனாவைப் பெரிதும் நம்பியிருப்பதாக ஐரோப்பிய ஆயுத நிறுவனங்களே வெளிப்படையாகக் கவலைப்பட்டன.

இன்னொரு இடி, ஆன்டிமனி. ஈயக் குண்டைக் கெட்டியாக்கவும், பிரைமர் கலவையிலும் பயன்படும் இந்தத் தனிமத்தின் மிகப்பெரிய உற்பத்தியாளர் சீனா. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அதன் ஏற்றுமதியைச் சீனா தடை செய்தது. 2025 நவம்பரில்தான் அந்தத் தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. பெய்ஜிங்கில் ஒரு கையெழுத்து, டெக்சாஸ் கேரேஜில் ஒரு காலி டப்பா. இதுதான் இன்றைய சுயசார்பின் லட்சணம்.

இட்லிக்குச் சோதனை, மாவுக்கு இல்லை!

சரி, இதில் ஆபத்தே இல்லையா? சட்டம் பற்றிய சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல், தோட்டா வாங்கும் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை கட்டாயம். 2016-ல் மக்கள் வாக்களித்து வந்த சட்டத்தின் தொடர்ச்சி இது. ஆனால் அந்தச் சோதனை முழுத் தோட்டாவுக்குத்தான். பிரைமர், மருந்து, குண்டு என்று தனித்தனியாக வாங்கினால் அந்தச் சோதனை கிடையாது. இட்லி வாங்க ஐ.டி. கேட்டுவிட்டு, மாவு பாக்கெட்டை அப்படியே கொடுத்தனுப்புவது மாதிரி!

சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர், தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்ஸில் பதக்கம் வென்ற துப்பாக்கி வீராங்கனை கிம் ரோட். முகவரி, பெயர் போன்ற விவரங்கள் பதிவோடு ஒத்துப்போகாததால், குற்றமே செய்யாத ஏராளமானோர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பது அவர்கள் தரப்பு வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, 2-க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்றது. ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை.

மறுபக்கம் இருப்பது லாஸ் வேகாஸ். 2017 அக்டோபர் 1-ம் தேதி ஓர் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மீது ஹோட்டல் அறையிலிருந்து ஒருவன் சுட்டான். அன்று உயிரிழந்தவர்கள் 58 பேர். காயங்களால் பின்னர் இறந்த இருவரையும் சேர்த்து 60. அந்த அறையில் கிடைத்த, சுடப்படாத சில தோட்டாக்களில் அரிசோனாவைச் சேர்ந்த ஒருவரின் கைரேகை இருந்தது. ஹாபியாகத் தொடங்கி, வீட்டில் தோட்டா தயாரித்து விற்றுவந்தவர் அவர். தாக்குதல் பற்றி அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று அரசுத் தரப்பு சொல்லவில்லை. ஆனால், கவசத்தைத் துளைக்கும் தோட்டாக்களை லைசென்ஸ் இல்லாமல் தயாரித்த குற்றத்துக்காக 2020-ல் அவருக்கு 13 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஹாபிக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சொந்தமாகச் சுடுபவரை அரசு பார்க்கவே பார்க்காது. அவர் எப்போது விற்பவராக மாறினார் என்பதும் பெரும்பாலும் சம்பவம் நடந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்குள் வரும் ஈயம்

அரசியலை விடுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு பிரச்னை இருக்கிறது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயம் கலந்த வெடிரசாயனம் உண்டு. சுட்ட உறைகளைச் சுத்தம் செய்ய, அரைத்த மக்காச்சோளச் சக்கை அல்லது வால்நட் ஓட்டுத் தூளோடு போட்டு இயந்திரத்தில் குலுக்குவார்கள். அப்போது எழும் தூசியில் ஈயம் இருக்கும். அது கையில், சட்டையில், சோபாவில் என்று பயணித்துக் குழந்தைகளிடம் போய்ச் சேரும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-ல் அளவுகோலைக் கடுமையாக்கியது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

இன்னொன்று கவனச்சிதறல். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குத் தேவைப்படும் மருந்து ரொம்பக் கொஞ்சம். .38 ஸ்பெஷல் போன்ற பழைய ரகங்களின் உறை, கறுப்பு மருந்து காலத்து அளவில் பெரியதாக இருக்கும். ஒரே உறையில் தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தாலும் உறை நிரம்பி வழியாது. பார்க்காமல் விட்டால் துப்பாக்கியே கையில் வெடிக்கலாம். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகத்தில் மட்டும் நகர்ந்த குண்டு குழாயின் நடுவில் சிக்கிக்கொள்ளும். அடுத்த குண்டு அதன் மேல் மோதும். ஒரு மணி நேரத்தில் பல நூறு தோட்டாக்களைத் தள்ளும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துகொண்டு ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ண முடியாது.

அப்புறம் ஏன் செய்றாங்க?

போட்டியாளர்கள் காரணம் சொல்வார்கள். ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகளில் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி 'பவர் ஃபேக்டர்' பார்ப்பார்கள். ஒரு பிரிவுக்குக் குறைந்தபட்சம் 125. அந்தக் கோட்டைச் சரியாகத் தாண்டி, கை அதிகம் அதிராமல் சுட வேண்டுமென்றால் தோட்டாவை நீங்களே வடிவமைத்தால் வசதி. வரலாறும் துணைக்கு வருகிறது. 1955-ல் வந்த .44 மேக்னம், எல்மர் கீத் என்பவர் பல ஆண்டுகள் செய்த சொந்தப் பரிசோதனைகளிலிருந்து பிறந்ததுதான்.

மற்றவர்களுக்கு, கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் திருப்தி. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், செய்யப்படும் பொருள் தோட்டா. தனி மனிதச் சுதந்திரம் என்று சொல்லி அதை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு விடவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. உதிரிபாகங்களாக விற்கப்படும் சில துப்பாக்கி கிட்களையும் துப்பாக்கியாகவே கருதலாம் என்று 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. அதே தர்க்கம் பிரைமர் பெட்டிக்கும் ஒரு நாள் வரலாம். அப்படி வந்தால், நேர்மையான ஹாபிக்காரருக்கு நஷ்டம் கடையில் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான். பதிவில் இருக்கும் பிழைகளுக்காக அவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்கும் பொறுப்பை அரசும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அதுவரை அந்த கேரேஜில் தராசு முள் ஆடிக்கொண்டே இருக்கும். டப்பாவில் இருக்கும் பிரைமர் தீர்ந்துவிட்டால்? சுயசார்பு மனிதர் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும்!