உறை இழந்த நரம்புகள்



ஹாலந்து நாட்டின் ஸ்கீடம் நகரில் 1380-இல் பிறந்த புனித லித்வினா, தம் பதினைந்தாம் வயதில் பனிக்கட்டியின்மேல் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். பின்னர் நடை தளர்ந்தது, ஒரு கண் ஒளியிழந்தது, வலக்கை செயலற்றது. இடையிடையே சற்றுத் தேறினாரெனினும், 1433-இல் இறைவனடி சேரும் வரை நோய் நீங்கவில்லை. 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நரம்பு நோயே அவரைப் பீடித்திருக்கலாம் என 1979-இல் ஒரு மருத்துவக் கட்டுரை கூறிற்று. அவர்பட்ட துன்பங்கள் அனைத்தையும் இந்நோய் ஒன்றே விளக்காது. ஆதலின் அதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1890-இல் அவருக்குரிய வணக்கத்தை உறுதிப்படுத்தினார்.

இந்நோயில் நிகழ்வது யாது? நம் நரம்பிழைகள் பலவற்றின்மேல் 'மயலின்' என்னும் கொழுப்பு மிகுந்த உறை சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறது. பெரிய இழைகளில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை, மூங்கிலிற் போல் ஒரு கணு உண்டு. மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவி, வினாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் விரையும். உறையே இல்லாத மெல்லிழைகளில் அது ஒன்றிரண்டு மீட்டர்தான்.

உறை சிதைந்தால் துடிப்பு வேகம் குறையும், அவ்வளவே என எண்ணலாகாது. துடிப்பைப் புதுப்பிக்கும் சோடிய வாயில்கள் கணுக்களில்தாம் செறிந்துள்ளன. உறைக்கடியில் மிகச் சிலவே. எனவே வெறுமையான பகுதியில் மின்னோட்டம் கசிந்து, அடுத்த கணுவை எழுப்பப் போதாமல் அங்கேயே அடங்கிவிடும். சில வேளை முதல் துடிப்பு கடந்துசெல்லும். அடுத்தடுத்து வருபவை தவறும். சிறிது தூரம் நடந்ததுமே கால்கள் சோர்வது இதனாலும் ஆகலாம்.

வெப்பம் இதனை மேலும் கெடுக்கும். உடல் சூடேறினால் சோடிய வாயில்கள் விரைந்து மூடிக்கொள்ளும். ஏற்கெனவே மெலிந்த மின்னோட்டம் இன்னும் குறையும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப், உழைப்புக்குப்பின் நோயாளரின் பார்வை மங்குவதை 1890-இல் எழுதிவைத்தார். வெப்பமே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. காலையில் நடமாடிய மருமகள் நண்பகலில், "என்னால் இயலவில்லை" என்று அமர்ந்தால், வீட்டார் அதைச் சோம்பலென்று ஏசுவது பெருங்கொடுமை. நிழலும் குளிர்ந்த நீரும் அவளுக்குத் தேவை.

வெறுமையான இழையில் புதிய வாயில்கள் தோன்றுவதும், மெல்லிய உறை ஓரளவு மீள வளர்வதும் உண்டு. நோய் தானே தணிந்ததாகத் தோன்றுவதற்கு இவையும் காரணம். ஆனால் தாக்குதல் தொடர்ந்தால் இழையே மடியும். 1993 முதல் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் வழக்கிலுள்ளன. மடிந்த இழையை அவை உயிர்ப்பிப்பதில்லை. ஆதலின் ஒரு கண் வலியுடன் மங்கினாலோ, காலிலோ கையிலோ மரமரப்பு நாட்கணக்கில் நீடித்தாலோ, பின்னர் அது தானே தெளிந்துவிட்டாலும், நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.